தொடை எலும்பின் நிறம்

கோழிக்குஞ்சின் தொடை எலும்பைப் பிளக்க ஒரு பக்குவம் இருக்கிறது. சதையை வழித்துவிட்டு, எலும்பை விரலிடுக்கில் நிறுத்தி, முழங்கால் பக்க முனையைக் கத்தரியால் கொஞ்சமாக நறுக்க வேண்டும். அந்தத் திறப்பில் கத்தரியின் ஓர் அலகை நுழைத்து நீளவாக்கில் வெட்டிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டால் எலும்பு நொறுங்கி மஜ்ஜை சிதறிவிடும். பொறுமையாகச் செய்தால் வெண்டைக்காயைப் பிளந்த மாதிரி இரண்டாக விரியும். விரிந்ததும் வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஷெட்டுக்குள் எரியும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லா மஜ்ஜையும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.

நல்ல குஞ்சின் மஜ்ஜை அடர்சிவப்பு, குங்குமத்தை எண்ணெயில் குழைத்தது போல. நோய் தொட்ட குஞ்சில் அது முதலில் ரோஜா நிறத்துக்கு இறங்கும். பிறகு வெளிர்மஞ்சள். முற்றிய நிலையில் மார்கழிக் காலையில் உறைந்துபோன நெய்தான். ரத்தம் ஊற வேண்டிய இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கும்.

பல்லடம், பொங்கலூர், சுல்தான்பேட்டை, உடுமலை என்று பிராய்லர் பண்ணைகளுக்குப் போய்வரும் கால்நடை மருத்துவன் நான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பிளந்த எலும்புகளுக்குக் கணக்கு வைத்ததில்லை. பிளக்காமல் விட்ட எலும்புகள்தான் இன்னும் நினைவில் இருக்கின்றன.

வேலைக்கு வந்த மூன்றாம் வருடம். பொங்கலூர்ப் பக்கம், கணவரை இழந்த ஓர் அம்மா தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த பண்ணை. ஐயாயிரம் குஞ்சு இறக்கிப் பதினைந்தாம் நாள் கூப்பிட்டார்கள்.

“நேத்து முப்பதுங்க தம்பி, இன்னைக்கு அறுபது. எறக்கையெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்குதுங்க.”

போய்ப் பார்த்தேன். இறக்கை நுனியிலும் தொடையோரத்திலும் தோல் கருநீலமாகி, ஈரம் கசிந்து, தொட்டால் உரிந்துவந்தது. அறுத்தால் தோலுக்கடியில் ரத்தக்கசிவு, ஈரல் வீக்கம், வாடை. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த நோய். பாக்டீரியா புகுந்து தோல் அழுகுகிறது என்று முடிவுகட்டினேன். ஆண்டிபயாடிக் எழுதிக்கொடுத்தேன். ஷெட் தரையில் விரித்திருந்த நனைந்த மஞ்சியை அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காய்ந்த மஞ்சி பரப்பச் சொன்னேன். நான் பார்த்தது பொய்யில்லை. பாக்டீரியா இருக்கத்தான் செய்தது.

கிளம்பும்போது அந்த அம்மா ஒன்று சொன்னார். “கழுத்தறுத்தாக்கூட ரத்தம் தண்ணியாட்டம் வருதுங்களே, அது ஏனுங்க?” நான் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். அந்தக் கேள்வியில்தான் நோயின் பெயர் இருந்தது.

இரண்டு நாள் சாவு குறைந்தது. பிறகு ஏறியது. ஐந்தாம் நாள் சாகும் தறுவாயில் இருந்த குஞ்சுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்கு ஓடினேன். ஆய்வகத்தில் இருந்த என் மூத்தவர் குஞ்சைப் புரட்டினார். கொண்டையை விரலால் நீவினார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். நான் விவரித்த இறக்கையை அவர் கவனிக்கவே இல்லை. முதலில் தொடை எலும்பைப் பிளந்தார். ஜன்னல் பக்கம் நீட்டினார். என்னிடம் எதுவும் கேட்காமல் கையில் கொடுத்தார். உறைந்த நெய்.

பிறகு கழுத்துத் தோலைக் கிழித்துத் தைமஸ் சுரப்பியைக் காட்டினார். குஞ்சின் கழுத்தில் ரத்தக்குழாயை ஒட்டி இருபுறமும் பாசிமணி கோத்தது போல அது ஓடும். இரண்டு வாரக் குஞ்சில் மணிமணியாகத் தெரிய வேண்டும். அதில் வெறும் நூல்தான் மிஞ்சியிருந்தது. இன்னொரு குஞ்சின் இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்து, நுண்குழாயில் ஏற்றி, மையவிலக்கில் சுழற்றினார். ரத்தத்தில் அணுக்கள் நூற்றுக்கு முப்பதையொட்டி இருக்க வேண்டும். 27க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அந்தக் குழாயில் அடியில் படிந்த சிவப்பு பதினொன்றைத் தாண்டவில்லை. மேலே நின்றதெல்லாம் வெளிறிய நீர். “இது சிஏவி. தோல் அழுகினது அப்புறம் வந்த கதை” என்றார்.

கோழி ரத்தசோகை வைரஸ். 1979இல் ஜப்பானில் யுவாசா குழுவினர் பிரித்தெடுத்தது. தமிழ்நாட்டில் அதைப் பிரித்தெடுத்த செய்தி 1994இல் இந்தியக் கால்நடை மருத்துவ இதழில் வந்துவிட்டது. அதாவது, நான் அந்தப் பண்ணைக்குப் போவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். கைக்குத்தான் தெரியவில்லை.

அதன் உருவத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். குறுக்களவு ஏறத்தாழ 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கோட்டில் நாற்பதாயிரம் வைரஸ்களைத் தோளோடு தோள் நிறுத்தலாம். உள்ளே இருப்பது வளையமாக மூடிய ஒற்றை இழை டிஎன்ஏ, 2,300 எழுத்து அளவுக்கு. கொரோனா வைரஸின் மரபு முப்பதாயிரம் எழுத்துக்குப் பக்கம். இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தேவைப்பட்ட எழுத்துகளைவிட ஒரு குஞ்சைக் கொல்ல இதற்குத் தேவைப்படும் எழுத்துகள் மிகக் குறைவு. அந்தச் சின்ன வளையத்தில் மூன்று புரதங்களுக்கான குறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஒரே வரியை வெவ்வேறு இடத்தில் தொடங்கி மூன்று விதமாக வாசிப்பது போல.

அந்த மூன்றில் ஒன்றின் பெயர் அபாப்டின். 121 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். தான் புகுந்த செல்லைத் தானே சாக வைப்பது இதன் வேலை. 1990களில் நெதர்லாந்தில் நோட்போர்ன் குழுவினர் இதை மனிதச் செல்களில் வைத்துப் பார்த்தபோது, புற்றுநோய்ச் செல்களை அது கொன்றது, சாதாரணச் செல்களை விட்டுவிட்டது. அதன்பிறகு புற்றுநோய் ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தை விடவில்லை. எங்கள் குஞ்சின் மஜ்ஜையை வெளுக்க வைத்த அதே புரதம்.

இந்த வைரஸ் குறிவைப்பது இரண்டே இடங்களை. மஜ்ஜையில் ரத்த அணுக்கள் பிறக்கும் தாய்ச்செல், தைமஸில் டி செல்லாக வளரப்போகும் இளஞ்செல். முதலாவது போனால் சிவப்பணு, வெள்ளையணு, ரத்தம் உறைய வைக்கும் அணு மூன்றும் ஒன்றாகக் குறைகின்றன. ரத்தம் உறைய ஆளில்லாததால் தோலுக்கடியிலும் சதையிலும் கசிகிறது. இறக்கையில் நீலம் பாரிப்பது அதனால்தான். இரண்டாவது போனால் காவலில் நிற்கவும் ஆளில்லை. கசிந்த இடத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸும் கிளாஸ்ட்ரிடியமும் குடியேறுகின்றன. குஞ்சு சாகும்போது அதன் உடம்பில் நீங்கள் பார்ப்பது குடியேறியவர்களைத்தான். கதவைத் திறந்துவிட்டவன் தடயமே இல்லாமல் போயிருப்பான். இந்த வைரஸ் உடம்பில் எதையும் சேர்ப்பதில்லை, எடுத்துவிட்டுப் போகிறது. அதனால் எது இருக்கிறது என்று தேடும் கண்ணுக்கு இது அகப்படாது. எது இருக்க வேண்டுமோ அது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கழுத்தில் மணி இருக்கிறதா, எலும்பில் சிவப்பு இருக்கிறதா.

எலும்பைப் பிளந்தவுடன் தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. வெளுத்த மஜ்ஜைக்கு வேறு காரணங்களும் உண்டு. சல்ஃபா மருந்தைக் கூடுதலாகக் கொடுத்தாலும் மஜ்ஜை வெளுக்கும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் அஃப்ளாடாக்சினும் ரத்தத்தைக் குறைக்கும். அடினோ வைரஸ் வந்த குஞ்சிலும் சோகை பார்த்திருக்கிறேன். எங்கள் தொழிலில் அதை லீச்சி நோய் என்போம். இதயத்தைச் சுற்றி நீர் கோத்து, தோலுரித்த லீச்சிப் பழம் மாதிரி இருக்கும். அதுவும் சிஏவியும் கைகோத்து வருவது உண்டு. ஆகவே எலும்பு, தைமஸ், ஈரல், இதயம், எதிர்ப்புச் சக்திக்கான பர்சா உறுப்பு எல்லாவற்றையும் பார்த்து, தைமஸையும் மஜ்ஜையையும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். பார்த்த எலும்பு எந்த வயதுக் குஞ்சுடையது என்பதும் முக்கியம். நோய் தாண்டிய குஞ்சில் நாலாம் வாரத்துக்குள் மஜ்ஜை மறுபடி சிவக்கத் தொடங்கிவிடும். அப்போது போய் எலும்பைப் பிளந்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

வயதிலிருந்துதான் இந்த நோயின் நாட்காட்டி தொடங்குகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். சிஏவி குஞ்சுக்கு முட்டை வழியாக வருகிறது. அப்படி வந்த குஞ்சு பத்து, பன்னிரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும். பிறகு சோரும், வெளுக்கும். மூன்றாம் வாரத்தை ஒட்டிச் சாவு உச்சத்துக்குப் போகும். இங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பதினாலு நாள் குஞ்சு, பொரிக்க இருபத்தொரு நாள், அதற்குமுன் முட்டை குளிர் அறையில் சில நாள். ஆக, ஐந்தாறு வாரத்துக்கு முன் எங்கோ ஒரு தாய்க்கோழிப் பண்ணையில், முட்டையிடத் தொடங்கிய பிறகு முதல்முறையாக அந்தக் கோழி இந்த வைரஸைச் சந்தித்திருக்கிறது. தாய்க்கு ஒன்றும் ஆகாது. தீவனம் குறையாது, முட்டை குறையாது, பொரிக்கும் விகிதமும் குறையாது. அதன் உடம்பில் எதிர்ப்பொருள் ஊறி முடிக்கும்வரை, சில வாரங்களுக்கு, முட்டையில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும். தாய்ப்பண்ணைக்காரருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அவர் கோழியின் நோயை நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வேறொருவர் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருப்பார்.

பொங்கலூர்ப் பண்ணைக்குத் திரும்பி வந்ததும் குஞ்சு வந்த பெட்டியின் சீட்டைக் கேட்டேன். அந்த அம்மா ஒரு சீட்டையும் தூக்கிப்போடாதவர். எல்லாவற்றையும் கம்பியில் குத்தி வைத்திருந்தார். அதில் தாய்ப்பண்ணையின் எண் இருந்தது. அதே வாரம் குஞ்சு இறக்கிய மற்ற பண்ணைகளுக்கும் போனேன். அதே எண்ணிலிருந்து குஞ்சு வாங்கிய இரண்டு பண்ணைகளில் மஜ்ஜை வெளுத்திருந்தது. வேறு எண்ணில் வாங்கிய பண்ணையில், அடுத்த வேலிதான், எலும்பு சிவப்பாக இருந்தது. அந்தத் தாய்க்கூட்டம் அப்போதுதான் முட்டைக்கு வந்த இளங்கூட்டம்.

குஞ்சு கொடுத்தவர்களிடம் இதைச் சொன்னபோது முதலில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஷெட்டில் காற்றோட்டம் சரியில்லை, புரூடிங்கில் சூடு பற்றவில்லை, மஞ்சி நனைந்துவிட்டது என்றார்கள். நானே ஐந்து நாள் முன்பு அந்த மஞ்சியைத்தான் குறை சொல்லியிருந்தேன் என்பதால் வலுவாகப் பேச முடியவில்லை. அந்த பேட்ச்சின் வளர்ப்புக்கூலி அம்மாவுக்குப் பாதிதான் கிடைத்தது. தன் கவனக்குறைவால் குஞ்சு செத்தது என்ற பெயரையும் சேர்த்துச் சுமந்தார். அந்தப் பெயர் என் முதல் நாள் அவசரத்திலிருந்தும் வந்தது. முதல் நாளே எலும்பைப் பிளந்திருந்தால் ஒரு குஞ்சும் கூடுதலாகப் பிழைத்திருக்காது, அது எனக்குத் தெரியும். வைரஸுக்கு மருந்தில்லை. சூட்டைச் சரியாக வைத்து, நெரிசலைக் குறைத்து, பின்னால் வரும் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தி, மஜ்ஜை மறுபடி ஊறும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம். ஆனால் குற்றம் யார் தலையில் விழுகிறது என்பது மாறியிருக்கும்.

தடுப்பது தாயிடம்தான். முட்டைக்கு வருவதற்கு முன்பே, ஒன்பதிலிருந்து பதினைந்தாம் வாரத்துக்குள் தாய்க்கோழிக்கு உயிர்த்தடுப்பூசி போட்டுவிட்டால், அது எதிர்ப்பொருளை மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குக் கொடுக்கும். அது மூன்று வாரத்துக்கு நிற்கும். அந்த வயதைத் தாண்டிய குஞ்சு வைரஸைச் சந்தித்தாலும் சோகை வராது. கம்போரோ நோய் வந்து பர்சா கெட்டுப்போயிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தப்பும். தடுப்பூசி வருவதற்குமுன் சில நாடுகளில், பழைய கூட்டத்தின் மஞ்சியை அள்ளிவந்து இளங்கோழிகளின் ஷெட்டில் போடுவார்களாம், முட்டைக்கு வருமுன் வைரஸோடு பழகட்டும் என்று. இதில் ஓர் உண்மை இருக்கிறது. மிகச் சுத்தமாக வளர்க்கப்பட்ட தாய்க்கூட்டம்தான் இதில் அதிகம் மாட்டும். சின்ன வயதில் வைரஸைப் பார்க்காமலேயே வளர்ந்து, முட்டையிடும்போது முதல்முறையாகப் பார்க்கும்.

கழுவித் துடைத்து ஒழித்துவிடலாம் என்பவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. சோப்பும், பண்ணைகளில் வழக்கமாகத் தெளிக்கும் பல கிருமிநாசினிகளும் அந்த உறையைக் கரைத்துத்தான் வைரஸைக் கொல்கின்றன. உறையே இல்லாததை என்ன செய்ய? அமிலம் தாங்கும், குளோரோஃபார்ம் தாங்கும், 70 டிகிரி சூட்டை ஒரு மணி நேரம் தாங்கும். அயோடின், ஃபார்மலின், ஹைப்போகுளோரைட் ஆகியவற்றைச் சரியான அளவில், போதிய நேரம் வைத்தால் பலன் உண்டு.

பன்றிகளுக்கும் இதே போன்ற ஒன்று இருக்கிறது. கல்லூரியில் என்னுடன் படித்த நண்பன் வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறான். ஒருமுறை அவனிடமிருந்து போன்: பால்குடி மறந்து சில வாரங்களான குட்டிகள் தின்கின்றன, ஆனால் தேறவில்லை. போய்ப் பார்த்தேன். ஒரே ஈற்றில் பிறந்தவற்றில் ஒன்று கொழுகொழுவென்று, பக்கத்தில் இன்னொன்று முதுகெலும்பு துருத்தி, ரோமம் சிலிர்த்து, வெளிறி நின்றது. நண்பன் அந்தக் குட்டியைத் தூக்கித் தொடைச்சந்தில் என் விரலை வைத்து அழுத்தினான். நெறி கட்டியிருந்தது, நெல்லிக்காய் அளவுக்கு. சோதனைச் சீட்டு வந்தபோது அதில் ‘பிசிவி’ என்று இருந்தது. எங்கள் கோழிச் சீட்டில் பிசிவி என்றால் ரத்த அணுக்களின் விகிதம். அவன் சீட்டில் அது பன்றி சர்க்கோவைரஸ். ஒரு நிமிடம் இரண்டையும் குழப்பிக்கொண்டு நின்றேன்.

அது இன்னும் சிறியது. 17 நானோமீட்டர், 1,768 எழுத்துச் சுற்று. இதன் அண்ணனை 1974இல் பெர்லினில் டிஷர் குழுவினர் பன்றிச் சிறுநீரகச் செல் வளர்ப்பில் கண்டார்கள். அது நோய் எதுவும் தராத சாது என்று தெரிந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1991இல் கனடாவின் சாஸ்கச்சவான் மாகாணத்தில் குட்டிகள் காரணம் தெரியாமல் இளைக்கத் தொடங்கின. அந்தக் காரணத்தைத் தேடிப் போனதில்தான், சில ஆண்டுகள் கழித்து, இரண்டாவது வகை அகப்பட்டது. ஆய்வகத்தில் அதைத் தனியாகக் கொடுத்தால் பல குட்டிகளுக்கு நோயே வரவில்லை. கூடவே வேறொரு வைரஸ், அல்லது எதிர்ப்புச் சக்தியை உசுப்பும் வேறொன்று வேண்டியிருந்தது. இதுவா காரணம் என்ற வாக்குவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2006இல் வட அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது, இளைப்பும் சாவும் மளமளவென்று இறங்கின. அதோடு வாக்குவாதமும் அடங்கியது. குற்றவாளி யார் என்பதைத் தடுப்பூசி சொல்லிவிட்டது.

குஞ்சில் தைமஸ் சுருங்குகிறது, குட்டியில் நெறி வீங்குகிறது. வெளியே எதிரெதிர். ஆனால் அந்த வீங்கிய நெறியை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், லிம்போசைட்டுகள் இருக்க வேண்டிய இடம் வெறிச்சோடி, வேறு செல்கள் வந்து அடைத்திருக்கும். இரண்டு வைரஸ்களையும் முன்பு ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கோழியுடையதை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். மரபணுப்படி அது சரிதான். மேசையில் வைத்து அறுக்கும் எனக்கு இன்னும் உறவுக்காரர்களாகத்தான் தெரிகின்றன.

இப்போது என்னுடன் இளம் மருத்துவர்கள் வருகிறார்கள். நன்றாகப் படித்தவர்கள். பிசிஆர் முடிவு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு பண்ணையிலும் குறைந்தது ஐந்து குஞ்சு, ஐந்து எலும்பு என்று வற்புறுத்துகிறேன். வேறு நோய் கண்ணெதிரே தெரிந்தாலும் சரி, அப்போதுதான் கட்டாயம் பிளக்க வேண்டும். சாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்ற திருப்தி வந்த கணத்தில் கத்தரியைக் கீழே வைக்கும் கை எனக்குத் தெரியும். அது என் கை.

போன மாதம் பொங்கலூர் அம்மாவின் பண்ணைக்குப் போயிருந்தேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். ஷெட் இரண்டாகிவிட்டது. அம்மாவுக்கு எழுபதைத் தொட்டிருக்கும். வேப்பமரத்தடியில் தீவனச் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். சாக்கின்மேல் ஐந்து தொடை எலும்புகள், நீளவாக்கில் பிளந்து, வரிசையாக. பக்கத்தில் கத்தரி, ஒரு சொம்புத் தண்ணீர்.

“நீங்க வர்றதுக்குள்ள காஞ்சு கறுத்துருமுன்னு வண்டிச் சத்தம் கேட்டப்பறந்தானுங்க பொளந்தேன்” என்றார். “நாலு செவப்பா இருக்குதுங்க தம்பி. இந்த ஒண்ணுதான் எனக்குப் புடிபடலை.”

அதை வாங்கிக்கொண்டு நிழலை விட்டு வெயிலுக்கு நகர்ந்தேன்.